மாட்டு முதுகுல விழுந்த ஆசிட்

பழனி அண்ணன் போயிட்டாரு. காலையில அஞ்சு மணிக்கு, செவிலிமேடு வீட்டுல... ஹார்ட் அட்டாக்.

நாலு மணிக்கு எடுக்கிறாங்க. அதுக்குள்ள இதை எழுதிடணும். ரெண்டு தடவை எழுதி அழிச்சுட்டேன்.

தொண்ணூறுகள்ல காஞ்சிபுரத்துல ஒரு பிரஸ்ல நான் எழுத்து கோக்கிற கம்பாசிட்டர், அவர் பிளாக் மேக்கர். கல்யாணப் பத்திரிகைக்கு பிள்ளையார், குத்துவிளக்கு எல்லாம் ஜிங்க் தகடுல ஆசிட் வச்சு எடுப்பாரு.

ஒரு நாள் சின்ன காஞ்சிபுரத்துல இருந்து ஒரு ரிட்டயர்டு புரொபசர் வந்தாரு. ஆயர்பாடி பத்தி புக் போடறாராம். அட்டைக்கு ஒரு படம் குடுத்தாரு... ஹாலந்துல முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி போட்ட எச்சிங். படுத்துக்கினு இருக்கிற மாடு, பட்டுப்போன மரம், ஒரு மேய்ப்பன். அவங்க தாத்தா வாங்கினது, அவர்கிட்ட வேற காப்பி கிடையாது.

"செப்புத் தகடுல மெழுகு பூசி, ஊசியால கீறி, ஆசிட்ல போடுவாங்கப்பா"ன்னாரு.

அண்ணன் மூஞ்சியைப் பார்க்கணுமே! "அட, நம்ம வேலை சார் இது!"

ரெண்டு நாளா லென்ஸும் கையுமாதான் இருந்தாரு. "மயிர் மயிரா கீறியிருக்கான் பாரும்மா. பின்னாடி மரமெல்லாம் லேசா இருக்குது, மாட்டை மட்டும் அழுத்தமா வர்றதுக்கு மறுபடி ஆசிட்ல வுட்டிருக்கான். கில்லாடி!"

மூணாவது நாள் அவர் டீக்குப் போயிருந்தாரு. நான் ஆசிட் தொட்டி பக்கத்துலயே படத்தை வச்சு பார்த்துக்கினு இருந்தேன். தொட்டியில ஒரு பத்திரிகை பிளாக். ரொம்ப நேரம் ஆயிடுச்சேன்னு பயந்து தகட்டைத் தூக்கி, தண்ணியில அலசாம உதறிட்டேன்.

உதறவே கூடாது. அந்த ரூம்ல எல்லாருக்கும் தெரியும்.

மாட்டு முதுகுல மூணு சொட்டு. கண்ணெதிர்லயே பழுப்பாச்சு. ஐயோ... என் சம்பளம் இல்லன்னா அப்போ வீட்டுல அடுப்பெரியாது.

அண்ணன் வந்து படத்தைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. "நீ போயி உன் வேலையைப் பாரும்மா."

சாயங்காலம் சார் வந்தப்ப, "என் கைதான் சார்"னாரு. சார் திட்டல. படத்தைப் பிடிச்சுக்கினு நின்னாரு... கண்ணு கலங்கிடுச்சு. ஓனர் அன்னிக்கே அண்ணனை அனுப்பிட்டாரு. நான் எழுத்து கோத்துக்கினு கம்முனு இருந்தேன்.

"பழனியா? பொறுப்பில்லாத ஆளுப்பா"ன்னு எல்லா பிரஸ்லயும் பேச்சு. அப்புறம் யாருமே அவருக்கு பிளாக் வேலை குடுக்கல.

ஒரு தடவை டவுன் பஸ்ல பார்த்தப்ப, "எல்லார்கிட்டயும் சொல்லிடறேண்ணே"ன்னு ஆரம்பிச்சேன். "வுடும்மா"ன்னு இறங்கிட்டாரு.

இன்னிக்கு காலையில அவர் பொண்ணு ஃபோன்ல அழுதுக்கினே கேக்குது. "அப்பா ஏதோ படத்தைக் கெடுத்துட்டாராமே ஆண்ட்டி, நெஜமா?"

"ஆமாம்மா"ன்னு வச்சுட்டேன். இன்னிக்கும் அதேதான் பண்ணேன்.

கெடுத்தது நான்மா. உங்க அப்பா கையில இருந்து ஒரு சொட்டு கூட தப்பி விழுந்ததில்ல.

போயிட்டு வாங்கண்ணே. கிளம்பிட்டேன்... உங்க பொண்ணு மூஞ்சியை எப்படி பார்க்கப் போறேனோ.