தகர டப்பாவும் உப்புக் கிண்ணமும்

சுருட்டுக் கடைக்காரருக்கு விற்கிற வேலை கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிற வேலை. மழை பிடித்த ஊரில் தீப்பெட்டியோ பீடியோ அப்பளமோ வைத்துக்கொண்டு அல்லாடியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் என் கட்சிதான்.

எழுபதுகளின் கடைசியில் ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எங்கள் கடை. என் வீட்டுக்காரர் மலைக்கு வரும் பஸ்ஸில் கண்டக்டர். கண்ணமங்கலத்தில் பெரிய சுருட்டுக் கடை வைத்திருந்தவர் அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார். அவர் கட்டிக் கொடுக்கும் சுருட்டு தம்பியின் பஸ்ஸிலேயே மலையேறி வரும். நான் உட்கார்ந்து விற்பேன். கூடவே அவருடைய சட்டமும் மலையேறி வந்தது. தகர டப்பா, அடியில் ஈரத்துணி, மேலே இறுக்கமான மூடி. கண்ணமங்கலத்து வெயிலுக்கு அது சரி. அங்கே சுருட்டு காய்ந்து போவதுதான் கவலை. இங்கே ஆடி பிறந்தால் சுவரே வேர்க்கும். இங்கே எதற்கு ஈரத்துணி என்று கேட்டேன். முப்பது வருஷமாகச் சுருட்டு விற்கிறவரை நேற்று வந்தவள் கேள்வி கேட்கிறாளா என்று பதில் வந்தது.

நரைத்த சுருட்டு

முதல் மழைக்காலத்தில் சட்டப்படிதான் நடந்தேன். ஒரு சந்தை நாளில் மலை விவசாயி வெள்ளையன் மழையில் நனைந்த கம்பளியோடு வந்து நின்றார். பெரிய சுருட்டாக ஒன்று கேட்டார். டப்பாவைத் திறந்தேன். உள்ளே இருந்த அத்தனையும் வெள்ளை பூத்திருந்தது. மேலே இருந்ததைத் துடைத்து நீட்டினேன். துடைத்தது நான்தான், அதை மறைக்கப் போவதில்லை.

பூஞ்சை பிடித்த டப்பாவைக் கீழே அனுப்பியதும் மூத்தாரிடமிருந்து தம்பி வழியாகத் தாக்கீது வந்தது. இன்னும் ஒரு டப்பா இப்படித் திரும்பினால் கடையை மூடிவிட்டு கண்ணமங்கலத்து வீட்டோடு வந்து இருக்க வேண்டுமாம். அந்த வீட்டில் பதினோரு பேருக்கு ஒரே அடுப்பு; அந்த அடுப்பு யாருக்கென்று காத்திருந்தது என்பது எனக்குத் தெரியும். என் கடை, என் சாவி, என் நாற்காலி. அதை நான் விடுவதாக இல்லை. அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு வெள்ளையன் சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்:

"இன்னாக்கா, எங்கப்பனுக்கே இன்னும் மீசை நரைக்கல. உன் சுருட்டுக்கு நரச்சிப்போச்சே!"

சருகு

ஈரத்துணியை எடுத்து எறிந்தேன். அடுப்புத் துடைக்கக்கூட வைத்துக்கொள்ளவில்லை. டப்பா மூடியையும் பாதி திறந்தே வைத்தேன். வீட்டுக்காரர் பயந்து போனார். "அண்ணன் கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றார். "நீங்க டிக்கெட்ட மட்டும் கிழிங்க, டப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றேன். தை வரை ஜெயம் என்னுடையது. மாசிக் காற்று அடிக்க ஆரம்பித்ததும் என் ஜெயமெல்லாம் மேல் இலை பிரிந்து தொங்கியது. தொட்டால் நொறுங்கியது. இது முழுக்க என் தப்பு. ஈரம் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவள், ஈரமே இல்லாமலும் கூடாது என்பதை யோசிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வந்தவர் காட்டிலாகா கார்டு. வேனிலில் யாராவது சருகுக்கு நெருப்பு வைக்கிறார்களா என்று சுற்றிவிட்டு, கடையில் ஒரு சுருட்டு பற்றவைப்பது அவர் வழக்கம். தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனதும் சுருட்டு குப்பென்று எரிந்து சட்டைக் காலரில் பொறி விழுந்தது. தட்டி அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"நான் கேட்டது சுருட்டும்மா. நீங்க குடுத்தது சருகு. இதுக்கு நெருப்பு வெச்சா நானே என்மேல கேஸ் எழுதணும்."

பொன்னி வீட்டுச் சாமைக்கூடை

என் கடை வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பெண்கள். மலையில் பெண்கள் சுருட்டு குடிப்பது யாரும் திரும்பிப் பார்க்கிற விஷயமில்லை. அதில் பொன்னி என்னைவிட நாலைந்து வயது பெரியவள். சந்தைக்குப் புளி கொண்டுவருவாள். ஒருநாள் புளி வாங்க அவள் வீட்டுக்குப் போனேன். குத்தாத சாமை நிறைந்த கூடைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு சுருட்டை எடுத்தாள். ஒரு மாதத்துக்கு முன்னால் என்னிடம் வாங்கியது. காதோரம் வைத்து உருட்டினாள், காய்ந்த இலையின் சத்தமில்லை. விரலால் அழுத்தினாள், அமுங்கி எழுந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது என்றே சொல்லிவிடுகிறேன். உமியோடு இருக்கும் சாமை, கூடுதல் ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. காற்று காய்ந்தால் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறது. முப்பது வருஷத் தொழிலுக்கு இது தெரியாது.

அங்கேயே ஒரு பலாப்பலகைப் பெட்டிக்கு ஏற்பாடு செய்தேன். அடியில் வெயிலில் காய்ந்த சாமை, மேலே மெல்லிய துணி, அதன்மேல் சுருட்டு. கோடையில் மட்டும் பெட்டிக்கு வெளியே நனைத்த கோணி. ஈரம் வெளியே நிற்கட்டும், வேண்டியதைப் பலகை வழியாக அனுப்பட்டும் என்பது என் கணக்கு. கிளம்பும்போது வேறு எதில் எல்லாம் வைக்கலாம் என்று பொன்னியிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள்:

"எதுல வெச்சாலும் புளிப் பானைல மட்டும் வெக்காத. எங்க வூட்டுக்காரன் வெச்சி எடுத்துக் குடிச்சிட்டு மூணு நாளு கொழம்பே வாணாம்னுட்டான்."

கண்ணாடிக் குழாய்

சாமையை எப்போது மாற்றுவது என்று தெரிய, பெட்டி மூலையில் ஒரு சின்ன மண் கிண்ணத்தில் கல்லுப்பு வைத்தேன். உப்பு உதிரியாக இருந்தால் சுருட்டுக்கு ஆபத்தில்லை. பிசுபிசுத்தால் சாமையை மாற்ற வேண்டும். கசிந்து கிண்ணத்தில் தண்ணீர் நின்றால், கடையைப் போட்டுவிட்டு முதலில் அந்த வேலையைப் பார்க்க வேண்டும். சமையல்கட்டில் நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கதி. மூத்தார் சமையல்கட்டுப் பக்கம் போனதே கிடையாது.

அந்த நாளில் எங்கள் ஊர் அரசாங்க ஆபீசில் மழையளவு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். காற்றின் ஈரம் பார்க்க, காய்ச்சல் பார்க்கிற குழாய் மாதிரி இரண்டு கண்ணாடிக் குழாய்கள் வைத்திருந்தார். ஒன்றின் நுனியில் ஈரத்திரி சுற்றியிருக்கும். தினமும் காலையில் இரண்டையும் பார்த்து, புத்தகத்தில் தேடி, பேரேட்டில் எழுதுவார். என் உப்பைக் கேலி செய்தவர், பத்து நாள் தன் பேரேட்டை என் கிண்ணத்தோடு ஒத்துப் பார்த்தார். அவர் புத்தகம் ஈரம் ஏறியது என்ற நாளிலெல்லாம் என் உப்பும் அழுதிருந்தது. பதினோராம் நாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"இத நம்ம ரெண்டு பேரோட வெச்சிக்கலாம்ங்க. மேல தெரிஞ்சா குழாய எடுத்துக்கினு எனக்கு ஒரு படி உப்பு குடுத்துடுவாங்க."

சுருட்டுக்குச் சமையல்

ஐப்பசி பிறந்ததும் மூத்தார் நேரிலேயே வந்து இறங்கினார். கையில் ஒரு தகர டப்பா. என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது இன்னா கோழிக்கூடா?" என்றார். "நீ சுருட்டு குடிக்கிறியா? குடிக்காதவளுக்குப் பதம் இன்னா தெரியும்?" என்றும் கேட்டார். "மாமா, தங்கம் விக்கிறவன் தங்கத்தத் தின்னுட்டா பாக்கறான்?" என்றேன். வாயில் வந்துவிட்டது. வந்ததற்கு வருத்தமும் இல்லை. பந்தயம் அங்கேயே முடிவானது. அவருடைய டப்பா அவர் முறைப்படி, அவர் கையாலேயே கட்டி அரக்கு வைத்து என் கடையில் இருக்கும். என் பெட்டி என் முறைப்படி. மூன்றாவது சந்தையில், ஜனத்துக்கு முன்னால் இரண்டையும் திறக்க வேண்டும். நான் தோற்றால் சாவியை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஜெயித்தால் இனி மலைக்குத் தகர டப்பா ஏறக்கூடாது.

இரண்டாவது சந்தைக்குப் பிறகு நாலு நாள் விடாமல் மழை. கிண்ணத்தில் உப்பு போய்த் தண்ணீர் நின்றது. சாமையை மாற்ற வேண்டும், வெயிலோ கண்ணிலேயே இல்லை. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தை வைத்துக்கொண்டு அடுப்பை மூட்டினேன். சட்டியில் சாமையை லேசாகச் சூடு காட்டி, ஆறவைத்து, பெட்டியில் போட்டு, பழையதை எடுத்து மறுபடி சட்டியில் போட்டேன். நாலு நாளும் இதே வேலை. குழம்புச் சட்டி சாமைக்குப் போய்விட்டதால் வீட்டில் கஞ்சிதான். நாலாம் நாள் வீட்டுக்காரர் பஸ்ஸில் டிரைவரிடம் புலம்பியதை ஊரே கேட்டிருக்கிறது:

"என் பொண்டாட்டி சுருட்டுக்குச் சமைக்கிறாய்யா. எனக்கு ஊத்தறது கஞ்சி!"

மூன்றாம் சந்தை

சொன்னபடி மூத்தார் வந்தார். அரக்கை அவரே தடவிப் பார்த்தார், கயிற்றின் முடிச்சை அவரே அவிழ்த்தார். மூடியைத் தூக்கியதும் முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். உள்ளே சுருட்டு எது, பூஞ்சை எது என்று பிரிக்க முடியவில்லை. அடுத்து என் பெட்டியைத் திறந்தேன். பொன்னி முன்னால் வந்து ஒன்றை எடுத்தாள். காதோரம் உருட்டினாள். அழுத்தினாள். பற்றவைத்து இழுத்தாள். அவள் புகையை விடுகிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை. அவள் இன்னும் நாலை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். வெள்ளையனும் கார்டும் ஆளுக்கு இரண்டு எடுத்தார்கள். மூத்தார், துணியை அளவுக்கு மீறி நனைத்துவிட்டோம் என்று மெதுவாக ஆரம்பித்தார். யார் நனைத்தது என்று நான் கேட்டேன். சந்தையே சிரித்தது.

அவர் என் பெட்டிப் பக்கம் குனிந்தார். பிறகு ஒரு சுருட்டை எடுத்து, காதோரம் வைத்து, பொன்னி செய்த மாதிரியே உருட்டிப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தோற்றேன் என்று அவர் வாய் சொல்லாது, நானும் எதிர்பார்க்கவில்லை. தகர டப்பாவை என் கடையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினார். சீட்டில் உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தம்பி காதில் விழக்கூடாது என்பதுபோல என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"அந்த உப்பு, கல்லுப்பா, தூள் உப்பாம்மா?"

இன்றுவரை ஒரு சுருட்டைக்கூட நான் வாயில் வைத்ததில்லை, ஆனால் கண்ணமங்கலத்துக் கடையில் மழை பிடித்தால் எந்த மூடியைத் திறப்பது, எந்த மூடியைச் சாத்துவது என்று என்னைக் கேட்டுத்தான் செய்கிறார்கள்.