பார்க்கிங் பெயின்ட் அடித்த கல்லறை

டெக்சாஸில் கார் ஓட்டத் தெரியாதவன் கைக்குழந்தைக்குச் சமம். யாராவது தூக்கிக்கொண்டு போனால்தான் வெளியுலகம். நான் மீசை வைத்த கைக்குழந்தை.

ஹூஸ்டன் ஹில்கிராஃப்டில் ஓர் ஓட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே சாப்பிட வரும் சென்னை டாக்டர் ஒருவர், நாட்டுப்புறத்தில் ஒரு கேஸ் ஸ்டேஷன், அதாவது பெட்ரோல் பங்க், வாங்கி, அதை ஒட்டிய கடையில் கோழி பொரிக்க என்னைக் கொண்டுபோய் வைத்தார். என் கிரீன் கார்டுக்கும் அவரே அப்ளை பண்ணினார். கடைக்குப் பின்னால் ஓர் அறை. சுற்றிலும் மாடுகள். நான் பேசினால் நிமிர்ந்து பார்க்கும்; அதுவும் புல் தீர்ந்திருந்தால்தான்.

நடந்து போகிற தூரத்தில் இருந்தது ஒரே இடம். எதிர்மேட்டில் பழைய மாதா கோயில், பக்கத்தில் கல்லறைத் தோட்டம். நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலேறி வந்து, காட்டை வெட்டிப் பருத்தி போட்ட செக் நாட்டுக் குடியானவர்கள் கட்டியதாம். வெளியே பார்த்தால் வெறும் வெள்ளைப் பலகை. உள்ளே போனால் கூரை முழுக்க நீலம், அதில் நட்சத்திரங்கள். மரத்தூண்களில் பளிங்கு மாதிரியே கோடு இழுத்து வர்ணம் தீட்டியிருந்தார்கள். பளிங்கு வாங்க வக்கில்லை, பளிங்கு என்று சொல்லிக்கொள்ளவாவது செய்யலாம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அவர்களை உடனே பிடித்துப்போனது. தூத்துக்குடிக்குப் போன் பண்ணும்போது நானும் மேனேஜர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாதத்துக்கு ஒரு பூசை. மற்ற நாளெல்லாம் ஆளில்லை. மத்தியானம் கடை ஓய்ந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். அக்கம்பக்கம் என்று எனக்கு இருந்தது அந்தச் செத்தவர்கள்தான். அவர்களும் பேசமாட்டார்கள், எனக்கும் இங்கிலீஷ் வராது. ஒத்துப்போயிற்று.

அந்த ஆகஸ்டில் அம்மா செத்துப்போனாள். கிரீன் கார்டு கைக்கு வருமுன் நாட்டைவிட்டுப் போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று வக்கீல் சொன்னதாக டாக்டர் சொன்னார். போகவில்லை. அன்றைக்கும் கோழி பொரித்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. எண்ணெய்ப் புகையில் கண் எரிந்ததோடு சரி.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் பக்கம் அதற்கு முன்னாலேயே கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, அன்றைக்குப் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றுவோம். அம்மாவுக்கு முதல் கல்லறைத் திருநாள். மகன் கையால் ஒரு வத்தி வேண்டாமா? இதைப் போனில் அக்காவிடம் கேட்டேன்.

"ஏல, அங்க செத்தவங்களே கெடையாதா? யாரும் நெனைக்காத ஆத்மா ஒண்ணு பாத்து ஏத்து. அம்மாவுக்குப் போய்ச் சேந்துரும்" என்றாள்.

தேடினேன். மூலையில் ஒரு சின்னக் கல், சாய்ந்து, பாசி கருத்துக் கிடந்தது. யாரும் வந்த அடையாளமே இல்லை. சுண்ணாம்புக்கு எங்கே போவது? பார்க்கிங் கோடு போட்டதில் மிஞ்சிய வெள்ளை பெயின்ட் கடையில் இருந்தது. முன்னும் பின்னும் இரண்டு கோட்டிங் கொடுத்தேன். பூவுக்குப் பதில் வேலியோரக் காட்டுப்பூ. மெழுகுவத்தி என்று கடையில் இருந்தது பிறந்தநாள் கேக்கில் குத்துகிற ரோஸ் கலர் வத்திதான். காற்றுக்குக் காப்பி கப்பை மறைப்பாக வைத்து அதை ஏற்றினேன். தூரத்தில் நின்று பார்த்தேன். தோட்டத்திலேயே அந்தக் கல்தான் பளிச்சென்று இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஞாயிறு பூசைக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரப் பெரியவர் நேரே கடைக்கு வந்து என் ஷூவைப் பார்த்தார். ஷூ முழுக்க வெள்ளைச் சொட்டு. துப்பறிய வேறெதுவும் தேவைப்படவில்லை. டாக்டருக்குப் போன் போயிற்று. அவர் ஹூஸ்டனிலிருந்து டிரைவ் பண்ணி வந்து சேர்வதற்குள் போலீஸ், ஜெயில், பிளேன் வரை நான் மனசுக்குள் போய்த் திரும்பியிருந்தேன்.

மூன்று பேரும் கல் முன்னால் நின்றோம்.

"என்னய்யா இது? எலெக்‌ஷனுக்கு செவுரு புடிச்சு வெச்சிருக்கியா?" என்றார் டாக்டர். "ஹிஸ்டாரிக் செமட்ரிய்யா. இந்த எடத்துலயே மொதல்ல பொதைச்ச பொம்பளயாம். எழுத்தெல்லாம் போச்சு. ஏன் செஞ்சன்னு கேக்கறாரு, சொல்லு."

சொன்னேன். அம்மா, ஆகஸ்ட், சுண்ணாம்பு, அக்கா சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் அதை இங்கிலீஷில் ரெண்டே வரியாக்கினார். பெரியவர் தொப்பியைக் கழற்றினார். கல்லைக் காட்டி ஏதோ சொன்னார்.

"கப்பல்ல வந்த வருஷமே செத்துட்டாளாம். சொந்தக்காரங்க யாரும் இங்க இல்ல. பரவால்லங்கறாரு. ஆனா பெயின்ட்ட நீதான் எடுக்கணும். கம்பி பிரஷ் போடக்கூடாது, கல்லு பேந்துடும். தண்ணி, மெத்துன்னு ஒரு பிரஷ், மரக்குச்சி, அவ்ளோதான்." பிறகு டாக்டர் என்னைப் பார்க்காமலே, "அம்மா விஷயத்துல நான் ஒரு நாளாச்சும் கடைய மூடியிருக்கணும்யா" என்றார்.

பெரியவர் வாளியும் பிரஷ்ஷும் கொடுத்துவிட்டுப் போனார். கார்கள் ஏறும் பாரத்தைத் தாங்குகிற பெயின்ட் அது. லேசில் வருமா? தினமும் மத்தியானம் போய் உட்கார்ந்து, நனைத்து, குச்சியால் மெல்லச் சுரண்டி, பிரஷ்ஷால் தேய்ப்பேன். ஒருநாள் மேலே சிலுவை தெரிந்தது. இன்னொரு நாள் ஓர் எழுத்து. எனக்கு எந்த எழுத்தும் ஒன்றுதான். அதன் பள்ளத்தில் குச்சியை விட்டு, காதுக்குப் பின்னால் அழுக்கெடுப்பதுபோல எடுத்தேன்.

ஒரு மத்தியானம், கல்லின் தலையில் தண்ணீர் ஊற்றி முதுகுப்பக்கம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது: அம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியது யார் என்று நான் அக்காவிடம் கேட்கவே இல்லை. வாளியைக் கீழே வைத்தேன். ஆகஸ்டில் வராதது அப்போது வந்தது. வெட்கமில்லாமல் சத்தமாகவே அழுதேன். கேட்பதற்கு மாடுகள்தான் இருந்தன.

கிறிஸ்துமஸுக்குள் முடித்துவிடலாம் என்று பெரியவர் நினைத்தார். நான் மார்ச் வரை இழுத்தேன்.