நன்றியுரையில் ஒரு பெயர்

முனியன் வேலையிழந்தது என்னால்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சென்னையிலிருந்து எம்.ஏ. ஆய்வுக்காக மலாயாவின் சிகாமட் ரப்பர் தோட்டத்துக்குப் போன எனக்கு தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இடமும் சோறும் தந்தவர் அவர்.

"கெணத்துத் தண்ணியால புள்ளைங்க சாவுது. எம் பேர மட்டும் போட்டுறாதீங்க தம்பி, தொர வெரட்டிருவாரு" என்றார்.

சரி என்றேன். ஆனால் ஆய்வேட்டின் நன்றியுரையில், கிணற்றைப் பற்றிச் சொன்னவர் என்று அவர் பெயரைப் பெருமையாக எழுதினேன். அனுமதி தந்த தோட்ட நிர்வாகியான துரைக்கு வழக்கப்படி ஒரு பிரதியும் அனுப்பினேன். முனியனைக் குடும்பத்தோடு விரட்டிவிட்டார்கள்.

மறு வருடம் யோங் பெங் என்ற ஊரில் அவரைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

"நன்றி சொல்லத் தெரிஞ்ச படிச்சவருக்கு வாய மூடத் தெரியலியே" என்று கத்தினார். பிறகு, "அந்தக் கெணத்தையாவது மூடிட்டாங்களா?" என்றார்.

நான் விசாரிக்கவே இல்லை. சிகாமட்டைத் தாண்டித்தான் வந்திருந்தேன்.

அவர் கோபம் ஆறியிருக்கலாம். என்மேல் எனக்குள்ள கோபம் இந்த வயதிலும் ஆறவில்லை.