பாதியில் நின்ற வகுப்பு

என் அக்காவின் வீட்டுக்காரர் மேல் எனக்குப் பல வருஷக் கோபம் ஒன்று உண்டு. மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் அந்தக் கோபத்தை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினால், யாரோ ஒரு மகானைப் பற்றி எழுதிய மாதிரி ஆகிவிடும். அவர் மகான் இல்லை. என் அக்கா கைப்பிடியாகப் பிடித்து நடந்த ஒரு கதையை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முழுக்கப் பார்த்திருக்க, அவர் பிடுங்கிப் போட்டார். அதுதான் என் கோபம்.

அத்தான் வேதத்தை ஆராய்ச்சி செய்தவர். இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்தார். தெருவில் அவருக்குப் 'பழைய ஏடு' என்று பெயர். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இரும்புப் பட்டறை வைத்திருக்கிறேன். அவர் வீட்டு மர அலமாரி புத்தகப் பாரம் தாங்காமல் வயிறு தள்ளிவிட்டது என்று இரும்புச் சட்டத்தில் ஒன்று அடித்துக் கொடுக்கப் போனேன். அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன.

சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையைச் சாத்திவிட்டு அங்கே போய்விடுவேன். முன்னறையில் ஒரு பழைய கதவைப் படுக்கப் போட்டு அதையே மேஜையாக்கியிருந்தார். மேஜை முழுக்கக் காகிதத் துண்டு. பறந்துவிடும் என்று மின்விசிறியைப் போட விடமாட்டார். வியர்க்க வியர்க்க உட்கார்ந்து, கிரேக்கத்தைப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொல்வார். "உனக்கு என்ன தோணுது மாப்ள?" என்று கேட்பார். நான் தோன்றியதைச் சொல்வேன். சிரிப்பார். எழுதிக்கொள்ள மாட்டார். படிக்காத ஒருவன் காதில் போட்டுப் பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது என்பது அவருடைய வழக்கம், அவ்வளவுதான். அடுத்த அறையில் அக்கா துணி மடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஏழு நாள் சுத்தி வந்ததுக்கே எரிகோ கோட்டைச் சுவர் நெசமாவே விழுந்துச்சா அத்தான்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தோண்டிப் பாத்தவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அத்தனை நாள் சுத்தி வந்தவங்களுக்குக் கால் வலிச்சிருக்கும்னு சொல்றேன்."

"இதுக்குத்தான் காலேஜ்ல சம்பளம் குடுக்குறாங்களா?" என்று அடுத்த அறையிலிருந்து அக்கா குரல் வந்தது.

இவ்வளவு தோண்டினால் சந்தேகம் வராதா என்றும் கேட்டிருக்கிறேன். "வரும். வந்த அன்னைக்கும் ஜெபம் பண்ணிட்டுத்தான் சாப்பிட்டேன். சந்தேகத்துக்கும் பசிக்கும்ல" என்றார்.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன். அக்காவின் முதல் கணவன் அவளை விட்டுவிட்டு வேறொருத்தியோடு போனான். தப்பு அவனுடையது, பேச்சு வாங்கியது இவள். கோயிலில் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருப்பாள். அப்போது இருந்த போதகர் ஒரு நாள், கல்லெறிவதற்காக ஒரு பெண்ணை ஆண்டவர் முன்னால் இழுத்து வந்த கதையை வாசித்தார். பாவம் இல்லாதவன் முதல் கல்லை எறியட்டும் என்று அவர் சொன்னதும் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கல்லைப் போட்டுவிட்டுப் போகிறார்கள், அந்தப் பெண் நிமிர்ந்து வீட்டுக்குப் போகிறாள். "அன்னைக்குத்தான்டா நானும் நிமிந்து நடந்தேன்" என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள். சட்டப்படி எல்லாம் முடிந்த பிறகு அத்தான் அவளைக் கல்யாணம் செய்தார். அவர் வீட்டில் யாரும் வரவில்லை. அவர் அதற்காக முகம் சுளித்ததும் இல்லை.

இவ்வளவும் தெரிந்த மனுஷன்தான், ஆராதனை முடிந்து நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் அந்தக் கதையை எடுத்தார். அவருக்கு ஒரு முறை உண்டு. ஒரு பகுதிக்கு இரண்டு வாரம். முதல் வாரம், அது எந்தெந்தப் பழைய பிரதியில் இருக்கிறது, எதில் இல்லை என்பது மட்டும். அர்த்தம் அடுத்த வாரம். முறை தவறாமல் அன்றும் சொன்னார்: "மிகப் பழைய பிரதிகள்ல இந்தக் கதை இல்ல. பின்னால யாரோ சேத்திருக்காங்க." சொல்லிவிட்டு மணியைப் பார்த்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். முன் வரிசையில் இருந்த அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்த வாரம் வகுப்பே இல்லை. ஆட்கள் விசுவாசத்தை ஆட்டிப்பார்க்கிறார் என்று கமிட்டி நிறுத்திவிட்டது.

அக்கா சண்டை போடவில்லை. சாப்பாடு, காப்பி எல்லாம் நேரத்துக்கு வந்தது. வேதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் அடுத்த அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். இது வருஷக்கணக்கில் ஓடியது. எனக்கு வாயில் வந்ததெல்லாம் அக்கா முகத்துக்காக விழுங்கினேன்.

பிறகு அவர் அந்தக் கதை வருகிற சுவிசேஷத்துக்கே விளக்கவுரை எழுத உட்கார்ந்தார். ஒரு சனிக்கிழமை வாசித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று தாண்டிப் போனார். நான் பட்டறைக்காரன்தான், ஆனால் அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்களே" என்றேன்.

அவர் அடுத்த அறைக் கதவைப் பார்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த ரெண்டாவது வாரம் என்னதான் சொல்றதா இருந்தீங்க? இன்னைக்குச் சொல்லுங்க. கமிட்டியில யாரும் இங்க இல்ல."

கதவு திறந்தது. கையில் பாதி மடித்த துண்டோடு அக்கா நின்றாள். "நீங்களும் விட்டுட்டீங்களா?" என்றாள்.

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டார். "அது அந்த இடத்துல எழுதினது இல்லங்கறத மாத்திச் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தார். "ஆனா அந்தக் கதை எங்கயோ வாய்வழியாச் சுத்திக்கிட்டு இருந்திருக்கு. இது ஆண்டவர் செஞ்சிருக்கக்கூடிய காரியம்தான்னு கேட்டவங்களுக்குப் பட்டிருக்கு. எங்க வைக்கிறதுன்னுதான் தெரியல. ஒரு பிரதியில இங்க இருக்கு, இன்னொண்ணுல கடைசியில இருக்கு, சிலதுல வேற சுவிசேஷத்துலயே இருக்கு. வீடு இல்லாம அலைஞ்சிருக்கு. ஆனா கையால படியெடுத்தவங்க அத வெளிய நிக்க விட மனசு வராம உள்ள கூப்பிட்டுட்டாங்க. வேற எந்தக் கதைக்கு இவ்வளவு பேர் இடம் தேடியிருக்காங்க சொல்லு."

அக்கா துண்டை இன்னும் ஒரு மடி மடித்தாள். "இத ஏன் இத்தனை வருஷம் சொல்லல?"

"நீ கேக்கலையே."

"கேட்டாத்தான் சொல்வீங்களோ?"

"கேக்காமச் சொன்னா பிரசங்கம் ஆயிடும்."

"நல்லாருக்கு உங்க ரெண்டு பேர் கூத்து" என்றேன் நான். அக்கா என்னை எழுப்பிவிட்டு என் முக்காலியில் உட்கார்ந்தாள். "வாசிங்க, தாண்டாம" என்றாள். அவர் வாசித்தார். உனக்கு என்ன தோன்றுகிறது என்று அன்று அவளைக் கேட்டார். அவள் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டார். அதிலிருந்து சனிக்கிழமைகளில் எனக்கு நிற்கிற இடம்தான்.

பின்னால் வந்த போதகர் வகுப்பை மறுபடியும் நடத்தச் சொன்னார். அத்தான் அந்தப் பகுதியையே எடுத்து இரண்டு பாதியையும் ஒரே நாளில் சொன்னார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. முன் வரிசையில் அக்கா கடைசிவரை இருந்தாள்.

கடைசி மாதங்களில் அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. கட்டிலுக்கு எதிரில் என் இரும்பு அலமாரி. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு திருத்துவார், அவள் திட்டுவாள். நிம்மதியான வீடு அது. ஒரு மத்தியானம் அவள் மருந்து எடுக்கப் போனபோது என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"மாப்ள, என் அடக்கத்துல அந்தப் பகுதியத்தான் வாசிக்கணும்னு போதகர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"சரி அத்தான்."

"பழைய பிரதியில இல்லன்னு அவர் சொல்வாரு. சொல்லட்டும், சொல்லணும். ஆனா அதோட நிறுத்தினார்னா, நீ கையத் தூக்கு."

"அத்தனை பேர் முன்னாடியா?"

"பட்டறையில கத்துற மாதிரி கத்த வேண்டாம். கைய மட்டும் தூக்கு."