ஊரை அழவைத்த கிடார்

போன வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் தெருவில் ஒரு பெரிய தலைவர் இறந்துபோனார். சாயங்காலத்துக்குள் பிழைத்தும் வந்துவிட்டார். இடையில் போனது என் நிம்மதி... கூடவே என் வாடகை வீடும் போகப் பார்த்தது.

எல்லாம் என் மனைவியின் அண்ணன் எபனேசரால். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். தன் மனைவி இறந்த பிறகு சங்கரன்கோவிலில் எங்களோடுதான் இருக்கிறார். வாயைத் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேசுவது அவருடைய ரெசனேட்டர் கிடார்தான்.

பார்த்திருக்கிறீர்களா? கிடாரின் நடுவில் ஓட்டைக்குப் பதில் ஓர் உலோகத் தட்டு. "இதுல இட்லி அவிக்கலாமா?" என்று பால்காரர் கேட்டார். உள்ளே அலுமினியக் கூம்பு இருக்கிறது. தந்தி அதிர்ந்தால் அதுவும் அதிரும். ஆம்ப்ளிஃபயர் புழக்கத்துக்கு வராத காலத்தில், அமெரிக்க டான்ஸ் ஹால்களில் டிரம்பெட் சத்தத்துக்கு நடுவே கிடார் எடுபடவில்லை. அதற்காகச் செய்ததாம் இது. ஹவாய் பாணிக்காரர்கள் மடியில் படுக்கவைத்து, தந்திமேல் இரும்புத் துண்டை இழுத்து வாசித்தார்கள். அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பின மக்கள் தங்கள் துக்கப் பாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். மலைப்பக்கத்து நாட்டுப்பாட்டுக்காரர்களும் விடவில்லை. நம் கோட்டுவாத்தியம் மாதிரியே சுரம் வழுக்கிக்கொண்டு போகும்... யாரோ விம்முகிற மாதிரி. எலெக்ட்ரிக் கிடார் வந்தது — இதை மூலையில் சாத்திவிட்டார்கள். எபனேசருக்கு ஏதோ துறைமுகத்தில், பழைய சாமான் கடையில் கிடைத்தது.

எங்கள் சுவரை ஒட்டி வீட்டுக்காரர் சுப்பையா அண்ணாச்சியின் விசைத்தறிகள். பகல் முழுக்க டடக் டடக். அந்த இரைச்சலில் யார் எதை வாசித்தால் யாருக்கென்ன?

வியாழக்கிழமை கரண்ட் கட். தறிகள் பொட்டென்று நின்றன. எபனேசர் நிறுத்தவில்லை; கிடாரின் விம்மல் தெருவரைக்கும் கேட்டது. டெல்லியில் அந்தத் தலைவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிற நேரம் வேறு. பெரிய தலை சாய்ந்தால் ரேடியோவில் பாட்டு நின்று சோக வாத்தியம் ஓடும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

"ஏலே, ரேடியோல இழவு வாத்தியம் போடுதான். ஆளு போயிட்டாரு!" என்று தெருவில் யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். மளமளவென்று ஷட்டர்கள் இறங்கின. புளியங்குடி பஸ்ஸை ஓரங்கட்டி ஆட்களை இறக்கிவிட்டார்கள். வெகுநேரம் கழித்து ஒரு புண்ணியவான் டிரான்சிஸ்டரைத் திருகினார். அதில் நெல்லுக்கு உரம் போடுவது பற்றி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் வேலை முடிந்து வீடு வந்து சேர்ந்தால், வாசலில் சுப்பையா அண்ணாச்சி. சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தது.

"சார், கிடாரு இருக்கணுமா, நீங்க இருக்கணுமா? ஒண்ணு சொல்லுங்க. தறிக்காரப் பயலுவள வீட்டுக்கு அனுப்பிட்டேன். இப்ப கரண்ட் வந்துட்டு, ஓட்ட ஆளில்ல."

"தெரியாம நடந்துட்டு அண்ணாச்சி..."

"அது கெடக்கட்டும். நான் அழுதுட்டேன்லா! நடுத்தெருவுல, தலையில அடிச்சுக்கிட்டு... எங்க அப்பா செத்ததுக்குக்கூட அப்படி அழலயே சார்!"

எபனேசர் முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"நெசமாவா அண்ணாச்சி? அழுதியளா?"

போதாதா? அண்ணாச்சி குதியோ குதியென்று குதித்தார். என் மனைவி காபி கொடுத்து, நான் கெஞ்சி, கடைசியில் ஒரு தீர்ப்பு வந்தது.

"தறி ஓடையில வாசிச்சுக்கிடட்டும். தறி நின்னா கிடாரும் நிக்கணும்."

"தறி ஓடுனா எனக்கே கேக்காதே?" என்றார் எபனேசர்.

"அதுக்குத்தான சொல்லுதேன்."

எபனேசர் என்னைப் பார்த்தார். நான் அவருக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் மறுபடி சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வீடு தேடி அலைய... தெம்பில்லை ஐயா! சரி என்று தலையாட்டிவிட்டேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

இப்போதும் தினம் வாசிக்கிறார். நன்றாகத்தான் வாசிக்கிறார் — பார்த்தாலே தெரிகிறது.