பிள்ளையார் ஒட்டிய வயலின்

இலவசமாகக் கொடுக்கிற இடத்தில் போய்க் களவெடுத்த முட்டாள் நோர்வேயில் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். களவெடுத்த பொருள் ஒரு வயலின். இடம், பொது நூலகம். அட்டையைக் காட்டினால் சிரித்துக்கொண்டே தூக்கித் தருவார்கள். அப்படிப்பட்ட இடத்தில், பத்து வயதில், நான் கள்வனானேன். இப்போது என் மகள் வேறொரு நூலகத்தில் கிற்றார் இரவல் எடுக்கிறாள். அவளோடு அந்த மேசைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு முதுகு வியர்க்கும். "ஏனப்பா பொலிசைக் கண்ட ஆள் மாதிரி முழிக்கிறீங்கள்?" என்று கேட்கிறாள். நல்ல கேள்வி.

அப்போது நாங்கள் தலைநகரின் ஓரத்தில், ரொம்மனில், ஓர் அடுக்குமாடியின் நாலாம் மாடியில் இருந்தோம். ஒரு பஸ் தரிப்புத் தள்ளி நூலகம். அங்கே அகராதிகளுக்குப் பக்கத்தில் ஓர் அலுமாரி. அதற்குள் இரண்டு கிற்றார்கள், ஓர் அக்கோடியன், பல்லுப் பதிந்த சில குழல்கள், சிறுவர் அளவில் ஒரேயொரு வயலின். புத்தகம் மாதிரியே நாலு கிழமைக்கு எடுக்கலாம். வேறு யாரும் பெயர் கொடுத்துக் காத்திருக்காவிட்டால் மறுபடி நாலு கிழமை. யாரும் காத்திருக்கவில்லை. அந்த வயலின் என்னிடம் ஐந்து மாதம் இருந்தது.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு மாமி வயலின் படிப்பித்தார். முதல் நாளே பிள்ளைகள் என் வயலினைச் சுற்றி நின்று எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். "அப்பா வாங்கித் தந்தவர். சரியான விலை" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பொய்க்குக் காவல் போட வேண்டுமே. வயலினின் பக்கப் பலகையில் நூலகத்தின் பெயரும் இலக்கமும் போட்ட ஒட்டுத்தாள் ஒன்று இருந்தது. குறொன்லாண்டில் நாங்கள் அரிசி வாங்கும் கடையில் கொடுத்த பிள்ளையார் படத்தை அதன் மேல் ஒட்டினேன். மாமி அதைக் கண்டு, இந்த வயதில் இவ்வளவு பக்தியா என்று கன்னத்தைக் கிள்ளினார். பிள்ளையார் காவல் வேலையை ஒழுங்காகச் செய்தார்.

வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் ஒரு மன்னார்க் குடும்பத்துப் பிள்ளை. என் வயதுதான். அவளிடம் வயலின் இல்லை. வலது முன்கையை முன்னால் நீட்டி, அதன் மேல் இடது கை விரல்களை அமத்தி அமத்தி வாசிப்பாள். சத்தம் வாயால். ஐந்து மாதமும் அப்படித்தான். நான் சிரிப்பேன். அவள் சிரிக்க மாட்டாள். "உன்ரை மூண்டாம் விரல் பிழையடா, கொஞ்சம் மேலை வை" என்பாள். தன் கையை வாசிக்கிறவள் என் வயலினுக்குப் பிழை சொல்வதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆண்டு விழா நெருங்கியபோது மாமி கறாராகச் சொல்லிவிட்டார்: "வயலின் இருக்கிற பிள்ளையள்தான் மேடையிலை. கையைத் தடவிற பிள்ளையை நான் எப்பிடி ஏத்திறது?" பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்கிடையிலை எங்கையாவது ஒண்டு கிடைச்சால் நீயும் ஏறு" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, என் வியர்வையில் ஊறியோ என்னவோ, பிள்ளையார் கழன்று விழுந்தார். அவள்தான் பொறுக்கித் தந்தாள். "இந்தா, உன்ரை பிள்ளையார் விழுந்திட்டார்." தந்துவிட்டு வயலினைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை, ஒட்டுத்தாளை வாசித்துவிட்டாள். பத்து நாளில் நூலகத்திலிருந்து கடிதம் வந்தது. இன்னொருவர் காத்திருக்கிறார், வியாழக்கிழமைக்குள் வயலினைத் திருப்பித் தரவும். அந்த இன்னொருவர் யாரென்று உங்களுக்கு விளங்கிவிட்டது. எனக்கு விளங்கவில்லை.

அரச முத்திரையோடு வருகிற எந்தக் கடிதமும் அப்பாவுக்கு ஒன்றுதான். வெளிநாட்டவர் அலுவலகமோ நூலகமோ, சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டுத்தான் உடைப்பார். உடைத்து வாசித்தார். அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது.

அம்மா விடவில்லை. நவராத்திரியின் கடைசி நாட்கள் அவை. வயலினுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கும்பத்துக்கு முன்னால் என் பாடப் புத்தகங்களோடு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைதான் விஜயதசமி.

"பூசையிலை வைச்சதை இடையிலை தூக்கிறதோ? ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கோவன்."

"ஆரிட்டைச் சொல்லுறது? கொம்மூன் கந்தோரிலையோ? சரஸ்வதி விடுறா இல்லையெண்டு சொல்லவோ?"

"சனிக்கிழமை பிள்ளை மேடை ஏற வேணுமல்லோ?"

"இரவல் சாமானிலை ஏறினவன் இறங்கத்தான் வேணும்."

எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. அப்பாவில் கோபம். பொத்தானில் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த 'இன்னொருவரில்' கோபம். மனதுக்குள் அவனுக்கு ஓர் உருவமே கொடுத்து வைத்திருந்தேன். பொன்முடிப் பையன். மலையில் விடுமுறைக் குடில், நாலு சோடி பனிச்சறுக்குக் கட்டை, கேட்டதெல்லாம் வாங்கித் தருகிற அப்பா. பத்து வயலின் வாங்கக்கூடியவன் என் ஒன்றைக் கேட்கிறான்! அவனை இரவெல்லாம் கெட்ட வார்த்தையில் ஏசினேன், தமிழில் இரண்டு, நோர்வேஜிய மொழியில் ஐந்து. பள்ளிக்கூடத்தால் கிடைத்த நன்மை.

வியாழக்கிழமை அம்மா சூடம் கொளுத்தி, சரஸ்வதியிடம் மன்னிப்புக் கேட்டு, வயலினை எடுத்துத் தந்தார். அப்பாவுக்கு வேலை. நான் தனியே போனேன்.

மேசையில் இருந்த பெண் பெட்டியைத் திறந்து சாமான்களைச் சரிபார்த்தாள். வில் இருக்கிறது, நாலு தந்தி இருக்கிறது. பிறகு சிவப்புப் பொட்டைக் கண்டாள். இது பெயின்றா என்று கேட்டாள். குங்குமத்துக்கு நோர்வேஜிய மொழியில் சொல் தெரியாமல், மாவு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு ஈரத் துணியால் துடைத்தாள். நன்றாக, அழுத்தி. அம்மாவின் நெற்றியைத் துடைத்தது மாதிரி இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் பத்து வயதில் அப்படியெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. கையைக் கடிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

துடைத்த வயலினுக்கு ஓர் இலக்கத்தை எழுதி, றப்பர் வளையத்தால் கைபிடியில் மாட்டி, காத்திருப்போருக்கான தட்டில் வைத்தாள். தொலைபேசி அடித்தது. உள்ளே போனாள்.

எடுத்தேன். நடந்தேன். ஐந்து மாதமாக அந்தப் பெட்டியோடு அந்த வாசலால் போய் வந்த பையன். யார் திரும்பிப் பார்ப்பார்கள்? வெளியே வந்த ஒரு கிழவர் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நன்றிகூடச் சொன்னேன்.

நிலவறையில் எங்கள் சாமான் அறையில், பழைய சூட்கேசுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அம்மாவிடம், "மாமி எனக்கு ஒண்டு தாறாவாம்" என்று சொன்னேன். பொய் இப்போது பழகிவிட்டது. பிள்ளையார்கூடத் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை, பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. அப்பா மூன்றாம் வரிசையில், தோளில் வீடியோக் கமராவோடு. நான் மேடையில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் முட்டுக் கொடுத்தேன். இரண்டு இரவு நிலவறைக் குளிரில் கிடந்த தந்திகள் எந்தச் சுருதிக்கும் கட்டுப்படவில்லை. இருந்தாலும் தொடங்கினேன். மாமி கண்ணை மூடினார். ரசிப்பதற்காக அல்ல.

நாலாவது வரியில் மேடைப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவள்தான், மன்னார்ப் பிள்ளை. வெள்ளிக்கிழமை தாயோடு நூலகத்துக்குப் போயிருக்கிறாள். வயலினைக் காணவில்லை. தான் எங்கேயோ மாற்றி வைத்துவிட்டதாக நூலகப் பெண் பத்துத் தரம் மன்னிப்புக் கேட்டு அனுப்பியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது, வயலினின் தலையில் விழுந்த அவளுடைய கை மட்டும்தான்.

"குடடா! இது என்ரை முறை!"

"விடடி! ஆற்றை முறை?"

"பிபிளியோத்தேக்கிலை வயலினுக்கு என்ரை பேர் கிடக்கு. போய்ப் பார்! கள்ளன்!"

ஒலிவாங்கி எங்களுக்கு நடுவில் இருந்தது. 'கள்ளன்' மண்டபத்தின் பின்சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அவள் இழுத்தாள், நான் இழுத்தேன். சனம் முதலில் நாடகம் என்று நினைத்துக் கைதட்டியது. ஒரு தந்தி அறுந்து என் மூக்கில் அடித்தது. அந்த வீடியோக் கசெட் இன்னும் இருக்கிறது. அதில் தந்தி அறுகிற சத்தத்துக்குப் பிறகு மூன்று நிமிடம் யாருடையவோ சப்பாத்துகள் மட்டும் தெரியும்.

கமராவைப் போட்டுவிட்டு அப்பா மேடைக்கு வந்தார். பக்கப் பலகையில் இருந்த ஒட்டுத்தாளைப் பார்த்தார். கை ஓங்கியது. முந்நூறு பேர், அதில் பாதிப்பேர் பிள்ளையை அடிக்கக் கூடாதென்ற நோர்வேச் சட்டம் தெரிந்தவர்கள். ஓங்கிய கை தலையைச் சொறிந்துவிட்டு காற்சட்டைப் பைக்குள் போனது. "வீட்டை வா" என்றார். அடியை விட அது மோசம்.

அன்று அவளும் வாசிக்கவில்லை. மூன்று தந்தியில் எதை வாசிப்பது? அறிவிப்பாளர் அவசரமாக அடுத்த நடனத்தைக் கூப்பிட்டார். அவள் அழவில்லை. படியிறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் அழுதேன்.

திங்கட்கிழமை அப்பா மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம், நோர்வேஜிய மொழியில் நான் சொல்ல வேண்டியதை நான்தான் அவருக்குச் சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது. சொன்னேன். அந்தப் பெண் ஏசவில்லை. வயலின் தொலையவில்லையே என்று சந்தோசப்பட்டாள். புதுத் தந்தி போட்டு அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பதாகவும், அவளுக்கு அடுத்ததாக என் பெயரைப் போடவா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். வெட்கத்தில் என்று அப்பா நினைத்தார். கோபத்தில். எனக்குச் சொந்தமான ஒன்றை நான் ஏன் வரிசையில் நின்று வாங்க வேண்டும்? அதன் பிறகு வயலினைத் தொடவேயில்லை. அடுத்த வருடம் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அவளிடம் வயலின் எத்தனை கிழமை இருந்தது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அந்த வயதில் தோன்றவும் இல்லை.

ஆனால் கதை மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. கலியாண வீடு, பிறந்தநாள், எங்கே நாலு பேர் கூடினாலும் "அந்த வயலின் கதையைச் சொல்லுங்கோ" என்பார்கள். எழும்பி நின்று, இழுபறியை நடித்துக் காட்டிச் சொல்வேன். போன வருடம் லோறென்ஸ்கூக்கில் ஒரு பிறந்தநாள் வீட்டிலும் சொன்னேன். எல்லோரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். மேசையின் மறு அந்தத்தில் இருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.

கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் போனேன். "பகிடிக்குச் சொன்னனான். களவெடுத்ததுக்கு இப்பவெண்டாலும் மன்னிப்புக் கேக்கிறன்" என்றேன்.

அவள் குளிர்ச் சட்டையின் சிப்பை இழுத்துப் பூட்டினாள்.

"களவை நான் அண்டைக்கே விட்டிட்டன். ஐஞ்சு மாசம் கையிலை வைச்சிருந்தும் உனக்கு நாலு வரி ஒழுங்கா வாசிக்கத் தெரியேல்லை. அதுதான் எனக்கு இண்டைக்கும் கோவம்."