நாலு நிமிடத்தில் நின்றுபோன கல்யாணம்

மும்பையில் என்னை முதலில் திகைக்க வைத்தது ரயில் கூட்டம் அல்ல, மாரியக்காவின் கேள்வி. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் நாங்கள் நால்வர் தங்கியிருக்கும் அறைக்குக் கீழே அவர் மெஸ் நடத்துகிறார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். தினமும் காலை ஏழு மணிக்குப் படியில் நின்று, பெயர் பெயராகக் கூப்பிட்டு, "ராத்திரிக்கு உண்டா?" என்பார். பதில் சொன்னவனுக்கு உலையில் அரிசி விழும். சொல்லாதவன் இல்லாதவன். முதல் நாள் சொல்லியாகிவிட்டதே என்று, இரண்டாம் நாள் வாயில் பிரஷ்ஷோடு சும்மா நின்றேன். இரவு போய் உட்கார்ந்தால் எனக்குத் தட்டு இல்லை.

"நேத்தே சொன்னேன்லாக்கா?"

"நேத்து நேத்தோட போச்சுல. இன்னைக்கும் இருக்கேன்னு நீதான சொல்லணும்?"

எங்கள் தென்காசிப் பக்கம் பந்தியில் உட்கார்ந்தவனிடம் "சாப்பிடுதீயளா?" என்று இரண்டாம் முறை கேட்டால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவான். கேட்காமல் போடுவதுதான் மரியாதை. அந்த ரோஷத்தோடு அன்று தெருமுனையில் வடாபாவ் தின்றேன். அதே ரோஷம் என் வேலைக்கே உலை வைக்கும் என்று அப்போது தெரியாது.

ஒரு சிறிய நெட்வொர்க் கம்பெனியில் மூன்று மாதச் சோதனைக்காலம் எனக்கு. கடைசி வேலை, மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் நடக்கும் முகூர்த்தத்தைக் கீழே சாப்பாட்டுக்கூடத்தில் எட்டு டிவிகளில் காட்ட வேண்டும். மண்டப மேனேஜர் சாவந்த் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் ஊர் ரயில். அம்மாவோ நிரந்தரமே ஆகிவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

மண்டபத்தின் எல்லா நெட்வொர்க் ஒயர்களும் வந்து சேரும் பெட்டியான ஸ்விட்ச், மேடை வீடியோவைக் கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. சாவந்தின் பில் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறியது. "மேரே கம்ப்யூட்டர் கோ ஷாதி நஹீ தேக்னேகா," என்றார். தன் கம்ப்யூட்டருக்குக் கல்யாணம் பார்க்க விருப்பமில்லையாம். நியாயம்தான். ஸ்விட்ச்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதியை இயக்கினேன். எந்த டிவி 'எனக்கு வேண்டும்' என்கிறதோ, அதற்கு மட்டும் வீடியோ போகும். அதற்குக் கீழேயே குவரியர் என்று இன்னொன்று இருந்தது. வேண்டும் என்றவர்களிடமே 'இன்னும் வேண்டுமா, இன்னும் வேண்டுமா' என்று விடாமல் கேட்பது அதன் வேலை. பார்த்ததும் மாரியக்கா முகம் வந்து நின்றது. ஒருதரம் வேண்டும் என்றவனைத் திரும்பத் திரும்பக் கேட்டு எதற்கு அசிங்கப்படுத்துவது? தொடாமல் விட்டேன். இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், பளிங்கு மாதிரி ஓடியது. விசிலடித்துக்கொண்டே அறைக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை, திருநெல்வேலிக்காரர் வீட்டுக் கல்யாணம். கீழே முதல் பந்தியில் இட்லி. டிவிகளைப் போட்டு நாலு நிமிடம் தாண்டியிருக்கும். மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோனவர், அப்படியே உறைந்தார். மாடியிலிருந்து கெட்டிமேளம் மட்டும் கேட்டது.

"என்னல, மாப்ள யோசிக்கான்?" என்றார் ஒருவர்.

"இவனுக்காவது யோசிக்கத் தோணுச்சே," என்றார் பக்கத்து இலைக்காரர். எதிர்வரிசையிலிருந்து அவர் மனைவி பார்த்த பார்வையில் சாம்பார் திரிந்திருக்கும்.

ரிமோட்டோடு ஓடினேன். சானலை மாற்றித் திரும்பக் கொண்டுவந்தால் ஓடும், நாலு நிமிடத்தில் மறுபடி நிற்கும். ஒரு டிவியில் தாலி ஏறி அட்சதை விழுந்துகொண்டிருக்க, அடுத்ததில் கை இன்னும் அந்தரத்தில். சாவந்த் என் தோளைத் தொட்டார். "துல்ஹா ஏக் ஹீ ஹை நா?" மாப்பிள்ளை ஒருவர்தானே என்று அவருக்கே சந்தேகம்.

மூன்றாவது சுற்றில்தான் உறைத்தது. நான் சானலை மாற்றும்போது டிவி 'வேண்டும்' என்கிறது. அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை, டிவியும் சொல்வதில்லை. நாலு நிமிடம் பார்த்துவிட்டு ஸ்விட்ச் பெயரை அடித்துவிடுகிறது. நேத்து நேத்தோட போச்சுல! லேப்டாப்பைத் திறந்து குவரியரை இயக்கினேன். பாலும் பழமும் கொடுத்து முடியும்வரை ஒரு டிவியும் இமைக்கவில்லை.

சாவந்த் பத்து நிமிடம் கைகட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார். நாளைக்கும் ஓடுமா என்றார். கேட்டுக்கொண்டே இருந்தால் ஓடும் என்று என் ஓட்டை ஹிந்தியில் சொன்னேன். தான் கேட்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார் போல. தினமும் காலையில் போன் போட்டு, "சல் ரஹா ஹை நா?" என்று இன்றுவரை கேட்கிறார். நானும் மறுக்காமல் 'ஓடுகிறது' என்கிறேன்.

போன வாரம் அம்மா கூப்பிட்டாள். "பொங்கலுக்கு உண்டுல்லாடா? ஒனக்கும் சேத்து அரிசி போடலாம்லா?"

கேட்காமலே எனக்குத் தட்டு வைத்த வீடு அது. இப்போது கேட்கிறது. "உண்டும்மா," என்றேன், கொஞ்சம் அவசரமாகவே. போனை வைப்பதற்குள் படியிலிருந்து மாரியக்கா குரல்.

"ஏல, பொங்கலுக்கு உண்டா?"

"உண்டுக்கா!"

ஒரே டிவி இரண்டு சானலுக்குப் பெயர் கொடுக்கலாம், ஸ்விட்ச் மறுப்பதில்லை. என் ரயில் டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கிறது. பொங்கலன்று இரண்டு பானையில் என் பேருக்கு அரிசி பொங்கும். எந்த இலை காலியாகக் கிடக்கும் என்பதுதான் தெரியவில்லை.